சேறில்லாத கோரை



பாலகனாகிய மோயீசனை அவன் தாய் கோரைக் கூடையில் வைத்து, கீல் பூசி, நைல் நதியோரத்தில் விட்ட வரலாற்றை ஞானோபதேச வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். அந்தக் கோரைக்குப் பாப்பிரஸ் என்று பெயர். நம் குளக்கரைக் கோரைக்கு அது உறவு. ஆனால் பதினைந்தடி உயரம் வளரும், தலையில் விசிறிபோல் குஞ்சம் இருக்கும். புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய ஏடுகள் அதன் தண்டைக் கீறி ஒட்டிய தாள்களிலேதான் எழுதப்பட்டன. இன்றோ எகிப்து தேசத்தில் அது தானாய் வளர்வது வெகு அபூர்வம்.

கலிலேயாக் கடலுக்கு வடக்கே, யோர்தான் பாயும் ஹூலா என்னும் சதுப்பு நிலத்தில் அது காடாய் நின்றது. 1951 முதல் 1958 வரை வாய்க்கால் வெட்டி அந்த ஏரியையும் சதுப்பையும் வற்றவைத்தார்கள். கெட்ட எண்ணத்தினால் அல்ல. மலேரியா ஒழியவேண்டும், உழுவதற்கு நிலம் வேண்டும். நாமாயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம். நடந்தது என்ன? நெடுங்காலம் ஈரத்திலே கிடந்த கரிய மக்குமண் காய்ந்தது. காய்ந்து தாழ்ந்தது, புழுதியாய்ப் பறந்தது, தரைக்குள்ளேயே தீப்பற்றிப் புகைந்தது. அதன் சத்துக்கள் கரைந்து, நம் ஆண்டவர் நடந்த அந்தக் கடலுக்கே போய்ச் சேர்ந்தன.

சேறில்லாமல் இந்தக் கோரை வளருமோ என்று யோபுவின் சிநேகிதன் ஒருவன் கேட்டான். யோபுவைக் குத்திக்காட்டக் கேட்டான், அது தப்பு. கேள்வி தப்பல்ல.

வீட்டில் சாயங்காலச் செபமாலையும் பார்வைக்குச் சேறுதான். சின்னது தூங்கி விழும். பாட்டி மணியைத் தவறவிடுவாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும். அதை நிறுத்தினால் அரைமணி நேரம் மிச்சம். மகனுடைய டியூஷனுக்காக அப்படி நிறுத்திய தகப்பனார் ஒருவர், “சாமி, பையன் பூசைக்கு வரமாட்டேன் என்கிறான்” என்று என்னிடம் வந்தார். வீட்டில் செபமாலை நின்று எத்தனை வருஷம் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹூலாவில் ஒரு துண்டு நிலத்தை 1964-ல் காப்பிடமாக ஒதுக்கினார்கள். பாப்பிரஸ் அங்கே பிழைத்து நிற்கிறது. 1994-ல் வேறொரு பகுதிக்குத் தண்ணீரைத் திரும்ப விட்டார்கள். அற்றுப்போயிற்று என்று 1996-ல் அறிவித்த அவ்விடத்துத் தவளை, 2011-ல் அந்தக் காப்பிடத்திலேயே உயிரோடு அகப்பட்டது.

அந்தத் தகப்பனார் வீட்டில் போன வாரம் மறுபடி செபமாலை தொடங்கியிருக்கிறார்கள். பையன் இன்னும் உட்காரவில்லையாம். வாசற்படியில் நிற்கிறானாம்.