மறுக்கிறவர் முன்னால்

எங்கள் தெருவில் பலர் பாடலாத்ரி நரசிம்மரின் குன்றைச் சுற்றி வருபவர்கள். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கையும் அன்போடு வாங்கிக்கொள்பவர்கள். அவர்களிடம் இயேசுவைப் பற்றி எப்படிப் பேசுவது? எனக்கு உயிராய் இருப்பதைச் சொல்லாமல் ஒளித்துவைத்தால், அதுவும் அவர்களை அந்நியராக்குவதுதானே?

சிங்கப்பெருமாள் கோயிலில் வாழும் நான், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1706-இல், 23 வயதில் தரங்கம்பாடியில் இறங்கியவர், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஏட்டுச் சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். அவரிடம் கடுஞ்சொல்லும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1712 முதல் 1714 வரை, உங்கள் நம்பிக்கை என்ன, வாழ்க்கை என்ன என்று தமிழர்களிடம் கடிதம் வழியே கேட்டுக்கொண்டே இருந்தார். தங்கள் வழியே தங்களுக்குப் போதும் என்று வாதாடியவர்களின் பதில்களையும் அவரும் சக மிஷனரி குருண்ட்லரும் ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். மதமாற்றக் கணக்கை மட்டும் அனுப்பியிருந்தால் யார் ஏன் என்று கேட்டிருப்பார்கள்?

மாற்கு சுவிசேஷத்தில் ஒரு செல்வந்தன் இயேசுவின் அழைப்பைக் கேட்டு, துக்கத்தோடு திரும்பிப் போகிறான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்றிருக்கிறது. கையைப் பிடித்து இழுத்ததாக இல்லை. சொன்னதைக் குறைத்துக்கொண்டதாகவும் இல்லை. அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன்.

நேற்று எதிர்வீட்டுப் பாட்டி கோயில் துளசியோடு வந்தார். "பேரனுக்குப் பரீட்சை. உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார். உட்காரவைத்து, பேரனின் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.