குளத்துக்கும் ஹக்கு உண்டு



ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அங்கு வந்த நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து இதைத் துடிக்க வைத்தது யார் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. குஞ்சை எடுத்ததற்கே அந்தக் கேள்வி. கூடு கட்டும் குளத்தையே எடுத்துவிட்டால்?

நம் பள்ளிக்குளத்தைத் தூர்த்து வண்டி நிறுத்தலாம் என்று பேச்சு ஓடுவதால் கேட்கிறேன். வக்ஃபு செய்த பெரியவர் அதைக் குளமாகத்தான் எழுதி வைத்தார். அவருடைய நிபந்தனையை மாற்ற நமக்கு என்ன உரிமை? "அது சாக்கடை ஆகிவிட்டதே ஹஜ்ரத்" என்கிறார்கள். ஆக்கியது யார்? நிக்காஹ் விருந்து முடிந்தால் இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் எங்கே போகின்றன? அதைப் பல வருடம் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தவன்தான் நானும். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பக்கத்துப் பேராவூரணியைப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அடுத்த வருடமே கடைமடை இளைஞர்கள் 564 ஏக்கர் பெரியகுளம் ஏரியைத் தூர்வார இறங்கினார்கள். அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பலர் கொடுத்த காசில் வேலை நடந்தது. ஏரிக்குள் மண்திட்டு அமைத்து, பறவைகளுக்காக மரக்கன்றும் வைத்தார்கள். முஸ்லிம் நட்ட மரத்தில் பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்ற புகாரி ஹதீஸை நாம் மிம்பரில் ஓதுகிறோம். அவர்கள் செய்துகாட்டினார்கள்.

நாமும் செய்யலாம். ஆனால் ஜேசிபியை இறக்கிக் கிண்ணம் போல வழித்துவிடக் கூடாது. விரால் ஓரத்துச் செடிகளுக்கு நடுவேதான் முட்டையிட்டு, குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும். முக்குளிப்பான் நீர்ச்செடிகளைச் சேர்த்து மிதக்கும் கூடு கட்டும். தாழைக்கோழிக்குக் கோரைப் புதர் வேண்டும். கரையைச் செங்குத்தாக வெட்டினால் தண்ணீர் நிற்கும், இவை எதுவும் நிற்காது. நடுவில் ஆழம், ஓரத்தில் சரிவு, ஒரு மூலையில் கோரை அப்படியே இருக்கட்டும். வேலையும் தண்ணீர் வற்றிய கோடையில்தான். கூட்டில் முட்டை இருக்கும்போது யாரும் கைவைக்க வேண்டாம். குப்பையை மட்டும் இப்போதே எடுக்கலாம்.

இன்னொன்று. வளர்ந்தால் காசு என்று அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாரும் கொண்டுவந்து விடாதீர்கள். நாட்டு மீன் குஞ்சை அது மிச்சம் வைக்காது.

வருகிற ஞாயிறு ஃபஜ்ர் தொழுதுவிட்டு வடக்குப் படித்துறையில் குப்பை அள்ளத் தொடங்குகிறோம். கையுறையும் சாக்கும் ஜமாஅத் தரும். வாலிபர்கள் வாருங்கள், பிள்ளைகளைக் கரையோடு நிறுத்துங்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்குவது நான்தான், இன்ஷா அல்லாஹ்.