காற்றின் கணக்கு

பொதுக்கிணற்றில் நஞ்சு கலந்தவன் பின்னர் நீரை வடித்துத் தந்துவிட்டால், இடையில் குடித்தவர்களுக்கு அவன் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? பழைய அறவியல் வினாவுக்கு விஞ்ஞானம் இன்று புதிய உருவம் கொடுத்திருக்கிறது.

2025இல் கிட்டகாவா, ரொப்சன், யாகி ஆகிய மூவருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் உருவாக்கிய உலோக-சேதனச் சட்டகங்கள் கண்ணுக்குப் புலப்படாத அறைகளாலானவை. ஒரு கிராமுக்குள் பல்லாயிரம் சதுர அடி மேற்பரப்பு மடிந்து கிடக்கும். இத்தகைய நுண்துளைப் பொருள்கள் சில, காற்றின் பத்தாயிரம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ நான்காக உள்ள காபனீரொட்சைட்டைத் தேடிப் பற்றுகின்றன; சூடேற்றினால் விட்டுவிடுகின்றன. காற்றுக்கு எல்லைக்கல் இல்லையாதலால், ஐஸ்லாந்தில் பிடித்தாலும் பதுளைக்கும் பிடித்ததே.

மலைச்சரிவின் நிலை வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண் மூடியது. அந்த ஒரு சரிவைக் காபனின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. எச்சரிக்கை முன்னரே இருந்தது. பெயர்ந்து செல்லத் தொழிலாளருக்குச் சொந்த நிலந்தான் இருக்கவில்லை. ஆயினும் வெப்பமேறிய காற்று கூடுதலான நீரைச் சுமக்கும். பெருமழை மேலும் பெருக்கும். அதன் முதல் அடியைத் தாங்குவது, விமானம் ஏறியறியாத கொழுந்து பறிப்பவளின் லயன்.

வடித்தல் இனிவருந் தீங்கைக் குறைக்கும். அதனை இகழ்வது பேதைமை. ஆனால், பிடித்த வாயுவுக்குச் சான்றிதழ் விற்று, வாங்கியவர் தம் புகையைத் தொடர இடமளிக்கும் வணிகம் காற்றின் கணக்கை மட்டுமே பார்க்கிறது. இடையில் குடித்தவரின் கணக்கை உறுதியான நிலத்தில் சொந்தக் காணியாகவே செலுத்தவேண்டும். அதில் தோட்டத்தை நடத்துவோருக்கும் அரசுக்கும் பங்குண்டு.