கருவியும் அறமும்

கருவிக்கு நன்மை தீமை இல்லை; அதனை ஆளும் மனத்தின்கண்ணே அவை உள்ளன என்பர். அங்ஙனமாயின், மீன்பிடிச் சட்டங்கள் மனத்தை ஆராயாது கருவியை விலக்குவது ஏன்? வாவியை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் மட்டக்களப்பில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று.

குறுந்தொகையின் 304ஆம் பாடலில், பரதவர் மூங்கிற்காம்பு பொருத்திய எறியுளியைக் கொம்புடைய பெருமீன்மீது எறிகின்றனர். அங்கு மனித வலிமைக்கு எதிரே மீனின் வலிமையும் நின்றது. இன்றோ, ஈட்டித் துப்பாக்கியுடன் மூழ்கி மீன்வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொள்வோர் உலகெங்கும் உளர். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இவர்களுக்கு மூச்சுக்குழலை அனுமதித்து, காற்றுக்கலனை விலக்குகின்றது. இதன் உட்பொருள் யாது? மூச்சடக்கி மூழ்குபவன் விரைவில் மேலே வந்தாக வேண்டும். அவன் உடலே அவனுக்கு எல்லை. அந்த இடைவேளையில் மீன் தப்பவும் கூடும். காற்றுக்கலன் அவ்வெல்லையை அழித்துவிடுகின்றது. இயற்கை இட்ட வரம்பைக் கருவி நீக்குமிடத்து, அவ்வரம்பை மீள நாட்டுவதே சட்டத்தின் பணி எனலாம்.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் வெடிமருந்தாலும் நஞ்சாலும் மீன்பிடித்தலை விலக்கியது. அவ்வாண்டின் ஒழுங்குவிதிகள் கடல்வாழ் பாலூட்டிகளை எறியீட்டியாற் பிடித்தலையும், தள்ளுவலையையும், பவளப்பாறைகள்மீது செவுள்வலை விரித்தலையும் தடைசெய்தன. வெடி தாய்மீனையும் குஞ்சையும் வேறுபடுத்தி அறியாது. எறிபவன் நல்லவனாயினும் விளைவு ஒன்றே. ஆகவே நோக்கத்தை விடுத்துக் கருவியை நோக்குவது நியாயமே.

ஆயினும் ஒன்று ஈண்டுச் சிந்திக்கற்பாலது. தடை என்னும் சொல் ஒன்றாயினும் அதன் சுமை ஒன்றன்று. பொழுதுபோக்காளன் ஈட்டியை இழந்தால் ஒரு மாலைப்பொழுதின் இன்பத்தை இழக்கின்றான். ஆழமற்ற நீரில் நடந்து இறால் பிடிப்பவன் வலையை இழந்தால் அன்றைய உலையை இழக்கின்றான். இதனால் வறியவனுக்கு விதிவிலக்கு வேண்டும் என்பது கருத்தன்று. குஞ்சுகள் அழிந்த வாவி முதலில் பட்டினியிடுவது அவன் பிள்ளைகளையே. ஆனால், அவனிடமிருந்து ஒரு வலையை வாங்கும் சமூகம் தகுந்த மற்றொரு வலையை அவன் கையிற் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது. இன்பத்துக்காக வேட்டையாடுபவனுக்கு அத்தகைய கடன் எதுவும் நமக்கில்லை.

விட்டுக்கொடுத்தல் இன்பத்திலிருந்து தொடங்கவேண்டும்; பசியிலிருந்து அன்று. இவ்வரிசையைப் பேணும் சட்டமே கருவியை விலக்கும்போதும் அறத்தின் பக்கம் நிற்கும்.