தீங்கின் கூட்டுத்தொகை: இரச மின்குமிழ் விவாதம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மின்சக்தியைச் சேமிக்கும் சிறு புளோரொளிர் குமிழ்களில் அடங்கியுள்ள இரசம் பற்றிய விவாதம், 2007ஆம் ஆண்டுக்கும் 2012ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் மேலைநாடுகளிற் கடுமையாக நடைபெற்றது. விஞ்ஞானிகளும் அரசாங்க அதிகாரிகளும் பத்திரிகையாளரும் வீட்டுக்காரரும் பங்குகொண்ட அவ்விவாதம் பெரும்பாலும் அளவுகளைப் பற்றியதாகவே அமைந்தது. ஒரு குமிழில் எத்தனை மில்லிகிராம் இரசம் உண்டு, அது உடைந்தால் எவ்வளவு காற்றிற் கலக்கும், எத்தனை மணி நேரத்தில் அகலும் என்ற வினாக்களுக்கு ஓரளவு திட்டமான விடைகள் கிடைத்தன. விடைகள் கிடைத்த பின்னரும் விவாதம் ஓயவில்லை. அளவையினால் தீர்க்கவியலாத அறவியல் வினாவொன்று அதன் அடியிற் கிடந்தமையே இதற்குக் காரணம் எனலாம்.

பழைய இழை மின்குமிழில் மின்னோட்டம் தங்குதன் இழையைச் சூடாக்க, அவ்விழை வெண்சூடாகி ஒளிர்கின்றது. அது பெறும் மின்சக்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கே ஒளியாகின்றது. எஞ்சியது வெப்பமாகக் கழிகின்றது. புளோரொளிர் குமிழின் செய்கை வேறு. குழாயினுள் அடைக்கப்பட்ட சொற்ப இரச ஆவியினூடாக மின்னிறக்கம் நிகழும்போது கழியூதாக் கதிர்கள் பிறக்கின்றன. குழாயின் உட்சுவரிற் பூசப்பட்ட பொருள் அக்கதிர்களை ஏற்றுக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக மாற்றுகின்றது. இதனால் அதே ஒளியை நாலிலொரு பங்கு மின்சக்தியைக் கொண்டே பெறமுடிந்தது. இரசத்தின் அளவு பொதுவாக 5 மில்லிகிராமுக்கு உட்பட்டது. பழைய காய்ச்சல் வெப்பமானியில் இருந்ததோ ஏறத்தாழ 500 மில்லிகிராம். வெப்பமானி உடைந்தபோது உருண்டோடிய இரச மணிகளை உள்ளங்கையில் ஏந்தி விளையாடிய தலைமுறையினரே பின்னர் குமிழைக் கண்டு அஞ்சினர் என்பது சற்று விந்தையானதே.

தமிழ் மரபுக்கு இரசம் புதிய பொருளன்று. சித்த மருத்துவர் அதனை மருந்திற் சேர்க்குமுன் சுத்தி செய்தல் வேண்டும் என வற்புறுத்தினர். சுத்தி செய்த இரசம் நஞ்சற்றது என்னும் கொள்கையை இன்றைய இரசாயனவியல் ஏற்றுக்கொள்ளாது. ஆயினும், இப்பொருளைக் கையாள்பவன் அதன் குணமறிந்து விளைவுக்குப் பொறுப்பேற்றல் வேண்டும் என்ற எண்ணம் அம்மரபில் உண்டு. வீடுதோறும் இரசத்தைப் புகுத்திய நவீன அரசுகளிடம் அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் இருந்தது என்பது கேட்கத்தக்கது.

ஏனெனில் இக்குமிழ் சந்தையில் தானாகப் பரவியதன்று, அரசுகளாற் பரப்பப்பட்டது. கியூபா 2005ஆம் ஆண்டில் ஆரம்பித்த சக்தித் திட்டத்தின்கீழ் வீடுகளிலிருந்த இழைக் குமிழ்களைப் பெருந்தொகையாக மாற்றியது. இழைக் குமிழ்களைப் படிப்படியாக அகற்றப் போவதாக அவுஸ்திரேலியா 2007இல் அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்கா குமிழ்களின் வினைத்திறனுக்குக் குறைந்தபட்ச அளவை விதித்துச் சட்டமியற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம் 100 உவாற்று இழைக் குமிழ்களும், 2012 செப்டெம்பர் அளவில் ஏனையவற்றுட் பெரும்பாலானவையும் சந்தைக்கு விடப்படாது நின்றன. ஜேர்மனியர் பலர் பழைய குமிழ்களை வாங்கிக் குவித்தனர். அவற்றை விளக்கு என்னாது சிறிய வெப்பமூட்டி எனப் பெயரிட்டு விற்க முனைந்தோரும் அங்கு இருந்தனர். ஒளியாக நூற்றுக்கு ஐந்தையே தரும் பொருளை வெப்பமூட்டி என அழைப்பதில் உண்மை இல்லாமலும் இல்லை.

இச்சூழ்நிலையில் ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2007ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் பெருஞ் செய்தியாயிற்று. பெண்ணொருவரின் வீட்டில், பிள்ளையின் படுக்கையறையில், இத்தகைய குமிழொன்று விழுந்து உடைந்தது. அறையைச் சுத்திகரிக்க ஏறத்தாழ 2,000 டொலர் செலவாகும் என அவருக்குக் கூறப்பட்டது. சில டொலர் விலையுள்ள குமிழ் உடைந்தமைக்கு இரண்டாயிரம் டொலரா என்ற வியப்பே செய்தியின் உயிர்நாடி. பின்னர் அம்மாநிலத்தின் சூழற் பாதுகாப்புத் திணைக்களம் குமிழ்களை வேண்டுமென்றே உடைத்துப் பரிசோதனை நடத்தி, 2008இல் முடிவுகளை வெளியிட்டது. வளர்ந்தோரின் மூச்சு மட்டத்தில் மாத்திரமன்றி, குழந்தை தவழும் மட்டத்திலும் காற்று அளக்கப்பட்டது. ஒரு கன மீற்றர் காற்றில் 300 நானோகிராம் என்பதே அம்மாநிலம் வகுத்திருந்த வழிகாட்டி அளவு. குமிழ் உடைந்தவுடன் சொற்ப நேரத்துக்கு அது 25,000 நானோகிராமையும் கடந்த சந்தர்ப்பங்கள் பதிவாயின. எனினும் வழிகாட்டி அளவோ நீண்டகாலச் சுவாசத்துக்கென வகுக்கப்பட்டது. யன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியேறி, உறிஞ்சு பொறியைப் பயன்படுத்தாது துண்டுகளை அகற்றினால் ஆபத்து பெரிதும் குறையும் என்பதே பரிசோதனையாற் பெற்ற நடைமுறைப் புத்தி. இரண்டாயிரம் டொலருக்கு அங்கு வேலையில்லை. குமிழின் எதிர்ப்பாளர் சிலர் மினமாற்றாவின் பெயரை உச்சரித்தது மிகையே. யப்பானின் அக்குடாவில் 1956இல் உத்தியோகபூர்வமாக அறியப்பட்ட நோய், தொழிற்சாலைக் கழிவிலிருந்த மெதயில் இரசம் மீன்வழியாக மனிதரைச் சேர்ந்தமையால் விளைந்தது. குமிழிலிருந்து எழும் ஆவி அத்தகைய சேர்வையன்று.

குமிழின் ஆதரவாளர் இதனிலும் வலிய வாதமொன்றை முன்வைத்தனர். ஐக்கிய அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு முகவரகம் அதனைக் கணக்காகவே தந்தது. நிலக்கரியில் இயற்கையாகவே இரசம் உண்டு. அதனை எரிக்கும்போது இரசம் புகைபோக்கி வழியே வெளியேறுகின்றது. 60 உவாற்று இழைக் குமிழ் 8,000 மணி நேரம் எரிவதற்கு 480 கிலோவாற்று மணி மின்சக்தி வேண்டும். அதனை ஆக்குகையில் வெளியேறும் இரசம் சராசரியாக 5.8 மில்லிகிராம். அதே ஒளியைத் தரும் 13 உவாற்றுப் புளோரொளிர் குமிழுக்கு வேண்டியது 104 கிலோவாற்று மணி. வெளியேறும் இரசம் 1.2 மில்லிகிராம். குப்பைமேட்டிற் குமிழ் உடைந்து கசிவதையும் சேர்த்தாலும் இரண்டு மில்லிகிராமுக்குள் அடங்கும். ஆகவே, இரசமுள்ள குமிழே உலகில் இரசத்தைக் குறைக்கின்றது என்பது முடிபு.

இவ்வாதம் அழகானது, பலரை வாயடைக்கச் செய்ததும் உண்மை. ஆயினும் அதன் அடித்தளம் பெந்தம் முதலாய பயன்பாட்டுவாதிகளின் கூட்டற் கணக்கே. பல்வேறு மனிதருக்கு நேரும் தீங்குகளை ஒரே பேரேட்டில் எழுதிக் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த வழியைத் தெரிவுசெய் என்பது அக்கொள்கை. 1971இல் வெளிவந்த நீதி பற்றிய தமது நூலில் யோன் றோல்ஸ் இக்கொள்கைக்கு எதிராகக் கூறிய முக்கிய ஆட்சேபம், மனிதர் வெவ்வேறானவர் என்பதை அது உண்மையாகக் கருத்திற் கொள்வதில்லை என்பதாகும். ஒருவன் தனது இன்றைய துன்பத்தைத் தனது நாளைய நன்மைக்காக ஏற்கலாம். அது அவன் விருப்பம். ஒருவன் அடையும் நன்மையைக் காட்டி இன்னொருவன் துன்பத்தை ஈடுசெய்துவிட்டதாகக் கூறுதல் அத்தகையதன்று. புகைபோக்கியின் கீழ்க்காற்றில் வாழ்பவனுக்கு 4 மில்லிகிராம் குறைந்தது. படுக்கையறையிற் குழந்தைக்குச் சொற்பம் கூடியது. கழித்தற் கணக்கு செய்தவர் எவரும் இவ்விருவரிடமும் கேட்கவில்லை.

கணக்கு இடத்துக்கு இடம் மாறுவது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்காவில் அக்காலத்தில் மின்சக்தியின் ஏறத்தாழ அரைவாசி நிலக்கரியினாற் பெறப்பட்டது. நோர்வேயில் அக்காலத்தில் மின்சாரம் ஏறத்தாழ அனைத்துமே நீர்வீழ்ச்சியினாற் பெறப்பட்டது எனலாம். அங்கு குமிழின் இரசத்துக்கு எதிரே வைத்துக் கழிப்பதற்குப் புகைபோக்கியின் இரசம் இல்லை. இலங்கையும் இதற்கு உதாரணமாகும். நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையத்தின் முதற்பகுதி 2011இல் இயங்கத் தொடங்கும்வரை இந்நாட்டின் மின்சாரம் நீராலும் எண்ணெயாலுமே பெறப்பட்டது. ஆகவே அதற்குமுன் இங்கு இறக்குமதியான சேமிப்புக் குமிழ்கள் வரட்சிக்கால மின்வெட்டின் துன்பத்தையும் எண்ணெய்ச் செலவையும் குறைத்திருக்கலாம்; இரசத்தைக் குறைத்தன எனக் கூறவியலாது. அமெரிக்கக் கணக்கை எடுத்தாண்டு உலகெங்கும் ஒரே விடை கூறியோர் இதனைக் கவனிக்கவில்லை.

இவற்றினும் பாரதூரமான குறை ஒன்று உண்டு. அக்கணக்கில் இரசம் வெளியேறும் இடங்கள் இரண்டே: மின்னிலையத்தின் புகைபோக்கியும் குப்பைமேடும். குமிழ் எங்கே, எவராற் செய்யப்பட்டது என்பது கணக்கின் வரம்புக்கு வெளியே நின்றது. மேலைநாடுகளில் விற்கப்பட்ட இக்குமிழ்களிற் பெரும்பாலானவை சீனாவிற் செய்யப்பட்டவை. அங்கு குவாங்டொங் மாகாணத்து பொஷான் முதலிய இடங்களிலிருந்த குமிழ்த் தொழிற்சாலைகளில் வேலைசெய்தோர் இரச நஞ்சேறி வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்ட செய்தியை 2009ஆம் ஆண்டு இலண்டன் பத்திரிகையொன்று வெளியிட்டது. படுக்கையறையிற் குமிழ் உடைவது ஆண்டில் ஒருநாள் நிகழக்கூடிய விபத்து. காற்றோட்டமற்ற கூடத்தில் இரசத்தைக் கையாள்வது நாடோறும் நிகழும் தொழில். இரண்டாயிரம் டொலர்ச் செய்தி உலகெங்கும் பரவியது போன்று இச்செய்தி பரவவில்லை.

இரசம் பூமியிலிருந்து எடுக்கப்படும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். குய்ச்சோ மாகாணத்து வான்ஷான் சீனாவின் இரசத் தலைநகர் என அழைக்கப்பட்டது. நூற்றாண்டுகளாகத் தோண்டப்பட்ட அச்சுரங்கத்தின் கழிவுகள் சுற்றுப்புற நீரிலும் வயல்களிலும் படிந்தன. நீர் தேங்கிய வயற்சேற்றில் நுண்ணுயிர்கள் இரசத்தை மெதயில் இரசமாக மாற்றுகின்றன. நெற்பயிர் அதனை மணிகளிற் சேர்க்கின்றது. அப்பகுதி மக்களுக்கு மெதயில் இரசம் சென்றடையும் பிரதான வழி மீனன்று, சோறே என்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கு எடுக்கப்பட்ட இரசம் யாவும் குமிழ்களுக்கெனத் தோண்டப்பட்டதல்ல. எத்தனையோ கைத்தொழில்கள் அதனைக் கொண்டன. எனினும், மினமாற்றாவைக் குமிழோடு தொடர்புபடுத்தியது மிகை என ஆதரவாளர் நகைத்தபோது, சேர்வை வேறு என்ற அவர்களது விடை படுக்கையறைக்கு மட்டுமே பொருந்தியது. வான்ஷான் உழவனின் கலத்துக்கு அது பொருந்தாது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தொழிலாளி நோயுற்றமை குமிழின் குற்றமன்று. தொழிற்சாலை அதிபரின் குற்றமே. தக்க காற்றோட்டமும் முகக்கவசமும் மூடிய இயந்திரங்களும் இருந்திருப்பின் நோய் தோன்றியிராது. ஆதலால் இதனைக் குமிழின் கணக்கில் எழுதலாகாது என்பர். மறுப்பின் முற்பகுதி உண்மையே. அவ்வுண்மை ஆதரவாளரின் பக்கத்தைப் பலவீனப்படுத்துகின்றதேயன்றிப் பலப்படுத்தவில்லை. தவிர்க்க முடியாத தீங்கைச் சகித்தல் ஒன்று. பணம் செலவிட்டாற் தவிர்த்திருக்கக்கூடிய தீங்கை, பணத்தைச் சேமிக்கும் பொருட்டு இன்னொருவன் உடலில் ஏற்றுதல் வேறொன்று. குமிழ் மலிவானபடியாலேயே அரசுகள் அதனைத் துணிந்து சட்டமாக்கின. மலிவு எங்கிருந்து வந்தது எனக் கேளாமை அச்சட்டத்தின் குறைபாடு.

சுதந்திரத்தின் பெயரால் குமிழ்ச் சட்டத்தை எதிர்த்தோரும் இவ்விடத்திற் தப்ப முடியாது. தமது வீட்டில் எவ்விளக்கை ஏற்றுவது என்பதை அரசு தீர்மானிக்கலாகாது என்றனர் அவர்கள். ஆனால் இழைக் குமிழின் புகையும் சுவாசிப்போரின் சம்மதம் பெற்று எழுந்ததன்று. இரு கட்சியினரும் தத்தம் வீட்டு வாசல்வரையே நோக்கினர். ஆயினும் அவ்வெதிர்ப்பில் ஏற்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. ஒருவன் விரும்பி வாங்கும் ஆபத்துக்கு அவனே பெரும்பாலும் பொறுப்பாளி; அரசு வேறு வழியை அடைத்துவிட்டு அவன் கையில் வைக்கும் பொருளின் ஆபத்துக்கு அரசும் பொறுப்பாளியே. குமிழைக் கட்டாயப்படுத்தியவர், எரிந்துபோன குமிழை மீளப் பெறும் ஒழுங்கையும் கட்டாயப்படுத்தியிருத்தல் வேண்டும். ஐரோப்பாவில் இலத்திரனியற் கழிவு பற்றிய 2002ஆம் ஆண்டுப் பணிப்புரை அக்கடமையை உற்பத்தியாளர்மீது சுமத்தியது. அமெரிக்காவிலோ வீட்டுக் குமிழ்களில் மிகச் சிறிய பகுதியே மீள்சுழற்சிக்குச் சென்றது; எஞ்சியவை சாதாரணக் குப்பையோடு சென்றன.

இன்று ஒளிகாலும் இருவாயிக் குமிழ்கள் வந்துவிட்டன. அவை இரசமின்றியே, புளோரொளிர் குமிழிலும் குறைந்த மின்சக்தியில் ஒளிர்கின்றன. மினமாற்றாவின் பெயரால் 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் அமுலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், வீடுகளிற் பயன்படும் சிறு புளோரொளிர் குமிழ்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025உடன் நிறுத்துவதென 2022இல் தீர்மானித்தன. 2023இல் நீண்ட குழாய் விளக்குகளுக்கும் 2027ஆம் ஆண்டு எல்லையாயிற்று. இலங்கையும் 2017இல் அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்த நாடே. தொழினுட்பம் தந்த விடையால் விவாதம் அடங்கிவிட்டது. எவர் துன்பத்தை எவர் நன்மைக்கு எதிரே வைத்துக் கழிக்கலாம் என்ற வினா விடை பெறாமலே அடங்கியது. அதே வினா மின்சேமிப்புக் கலங்களுக்கென கொங்கோவில் தோண்டப்படும் கோபாற்றைப் பற்றி இப்பொழுது வேறு சொற்களில் எழுந்துள்ளது.

செய்து முடிக்கப்பட்ட குமிழ்களோ இன்னும் இருக்கின்றன. இந்நாட்டில் ஹோமாகமையில் அவற்றை மீள்சுழற்சி செய்யும் நிலையம் அமைக்கப்பட்டது. நகரத்து அலுவலகமொன்று தனது பழைய குமிழ்களைப் பெட்டியிலிட்டு அங்கு அனுப்பலாம். கிராமத்து வீட்டில் எரிந்துபோன குமிழ், வளவின் மூலையிற் கூட்டிக் குவித்த குப்பையோடு கிடக்கின்றது. மாலையில் அக்குப்பைக்குத் தீ மூட்டப்படுகின்றது. பட்டினங்களில் அது வண்டியிலேறுகின்றது. வண்டியின் பின்னே வெறுங்கையுடன் நின்று குப்பையை அமுக்கும் சுகாதாரத் தொழிலாளியின் மூச்சு மட்டத்தில் எவரும் இதுவரை காற்றை அளந்து பார்க்க முன்வந்ததாகத் தெரியவில்லை.