எந்த ஆண்டின் படகு

யாங்கோனில் தாம்வே பகுதியில் என் பெரியப்பா வீட்டுப் பின்கட்டில் ஒரு படகு இருக்கிறது. பதினான்கு அடி நீளம், தேக்குப் பலகை, ஒற்றைப் பாய்மரம். இன்யா ஏரிக்கரையோரம் கவிழ்ந்து, புல் மண்டிக் கிடந்ததை 2016இல் விறகு விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. அதுவரை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பாய் விரித்துப் படகு ஓட்டியதில்லை.

திருச்சியிலிருந்த அப்பாவுக்கு இது தொலைபேசியில்தான் தெரிந்தது. 1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபோது தாத்தாவோடு கப்பலேறி வந்தவர் அவர். பெரியப்பா அத்தை வீட்டில் தங்கிவிட்டார். "ஓட்டத் தெரியாதவனுக்குப் படகு எதுக்கு? அந்தக் காசுல கூரைய மாத்தலாம்ல" என்றார் அப்பா. வெறும் சிக்கனப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. கூரை ஒழுகியது உண்மைதான். உயிரோடு இருப்பவர்கள் நனையும்போது செத்துப்போன பொருளுக்குச் செலவு செய்வது சரியா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான், 2018 ஜனவரியில் இரண்டு வாரம் விடுப்பெடுத்து சிங்கப்பூரிலிருந்து போனேன்.

போன மறுநாளே என் கையில் உளியைக் கொடுத்துவிட்டார்.

கைவிடப்பட்ட மரப்படகு எப்படிச் சாகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதைக் கெடுப்பது மிதக்கும் தண்ணீர் அல்ல, உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர். யாங்கோனில் ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அது பலகை மூலைகளில் நின்று மரத்தை உளுக்க வைக்கிறது. பிறகு கோடையில் பலகைகள் காய்ந்து சுருங்கி இடுக்குகள் வாய் பிளக்கின்றன. எங்கள் படகில் மூன்றாவதாக ஒரு சேதமும் இருந்தது. முன்பு எப்போதோ அதைப் பழுதுபார்த்த ஒருவர் செப்பு ஆணி இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு ஆணி அடித்து, அடித்தளத்தில் சிமென்ட் பூசியிருந்தார். சிமென்டுக்கு அடியில் ஈரம் தங்கி, வங்குக்கால்கள் ஐந்து பஞ்சாகியிருந்தன. ஏராக்கட்டை மட்டும் கல் போல இருந்தது. காலத்தைவிட அன்பானவர்கள் அதிகம் கெடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பெரியப்பா அப்படி நினைக்கவில்லை. "அவன்கிட்ட சிமென்ட்தான் இருந்திருக்கும், தம்பி. செப்பாணிக்கு எங்க போவான்?" என்றார்.

இருபத்திரண்டு பலகைகளில் பதினொன்றை மாற்ற வேண்டியிருந்தது. சரிபாதி. பாதியை மாற்றிய பிறகும் இது அதே படகுதானா? பழங்காலக் கிரேக்கர்களின் கேள்வி இது. தீசியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் உளுத்த பலகைகளை மாற்றி மாற்றிக் காப்பாற்றிவந்ததாகவும், அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்ததாகவும் புளூட்டார்க் எழுதுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதை இன்னும் முறுக்கினார்: கழற்றிப் போட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

நமக்கு இந்தப் புதிர் அவ்வளவு புதிதல்ல. கோயில் திருப்பணியில் பாலாலயம் செய்து, மூலவரின் சக்தியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, கல்லையும் சுதையையும் பிரித்து மாற்றுகிறோம். கும்பாபிஷேகத்தன்று சக்தி திரும்பி வந்துவிடுகிறது. யாங்கோன் காளி கோயிலையும் இப்படிப் பழுதுபார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதே கோயிலா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் படகுக்குப் பாலாலயம் கிடையாது. அதன் உயிரை எந்தக் குடத்தில் இறக்கி வைப்பது?

தீசியஸ் கதையில் பலரும் சொல்லாமல் விடும் ஒரு பகுதி உண்டு. அந்தக் கப்பல் காட்சிப்பொருளாக நிற்கவில்லை. ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போய்வந்தது. அது திரும்பும்வரை நகரத்தில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. சாக்ரடீஸுக்குத் தீர்ப்பு சொன்ன நேரத்தில் கப்பல் புறப்படத் தயாராகியிருந்ததால் அவர் சிறையில் கூடுதலாகச் சில வாரங்கள் உயிரோடு இருந்தார் என்று பிளேட்டோவின் 'ஃபீடோ' சொல்கிறது. அதே கப்பல்தானா என்று கரையில் நின்றவர்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். சாக்ரடீஸுக்கு அது போய் வந்துகொண்டிருந்ததுதான் முக்கியம். அப்பாவுக்கு என் பதிலின் முதல் பாதி இங்கே கிடைத்தது. போய் வருவதற்காகச் செய்யும் பழுதுவேலை செத்ததற்குச் செய்யும் செலவு ஆகாது. பார்த்து ரசிப்பதற்காக மட்டும் என்றால் அப்பா சொன்னதே சரி; கூரையை மாற்றலாம்.

இரண்டாவது பாதிதான் சங்கடமானது. அது மரத்திலிருந்து தொடங்கியது.

புதுத் தேக்கு வாங்கப் பெரியப்பாவுக்கு மனமில்லை. பர்மா அரசு 2014இல் வெட்டுமரமாக ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது. பெகு யோமாவில் 2016 முதல் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டுவதையே நிறுத்துவதாக அறிவித்தது. காடு அந்த அளவுக்குக் கரைந்திருந்தது. அதனால் இடித்த வீட்டு மரம் வாங்கினார். நகரத்தில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு பழைய மரவீட்டின் உத்தரங்கள் எங்கள் பின்கட்டுக்கு வந்தன. அறுத்தபோது புதிதுபோல வாசம் எழுந்தது. எங்கள் படகைக் காப்பாற்ற இன்னொருவர் வீடு கலைந்திருக்கிறது. ஹாப்ஸின் புதிரைத் திருப்பிப் போட்டது மாதிரி இருந்தது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவையும் இப்படித்தான் யாருடைய உணவு விடுதியையோ அழகுபடுத்தப் போகின்றன.

அந்தத் தூண்களுக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு வயல் செட்டியார்களிடம் சேர்ந்தது. வீட்டில் நாங்கள் கேட்டு வளர்ந்த பர்மாக் கதைகளில் 1942இன் நடைப்பயணம் உண்டு, 1964இன் கப்பல் உண்டு. இந்தக் கால்பங்கு இல்லை. எங்கள் தாத்தா செட்டியார் அல்ல, சின்ன மளிகைக்கடைக்காரர். ஆனால் அவர் கதையிலும் பர்மியர்கள் வாடிக்கையாளர்களாக மட்டுமே வந்துபோவார்கள்.

படகைச் சுரண்டியபோது இதே விஷயம் வேறு விதத்தில் எதிர்ப்பட்டது. மேலே நீலம், அதன் கீழே வெள்ளை, அதற்கும் கீழே கரும்பச்சை. எந்த நிறத்துக்குத் திருப்புவது? பச்சைதான் மூல நிறம், அதுதான் நேர்மை என்று நான் சொன்னேன். பெரியப்பா உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பச்சை அடிச்ச காலத்துல இந்தப் படகுல என்னை ஏத்தியிருப்பானா?" இன்யா ஏரியே ஆங்கிலேயர் 1880களில் குடிநீருக்காகத் தேக்கி, விக்டோரியா ஏரி என்று பெயரிட்டது. பெகு கிளப்பில் ஆசியர்களை உறுப்பினராக்கியதில்லை. அந்தக் கிளப் கட்டடத்தையும் சில ஆண்டுகளுக்கு முன் அழகாகச் சீரமைத்தார்கள். சீரமைப்பவர் எல்லோரும் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டைத் தேர்ந்தெடுத்தவுடன், அந்த ஆண்டில் வெளியே நின்றவர்கள் மறுபடியும் வெளியே நிற்கிறார்கள்.

வல்வெட்டித்துறையின் அன்னபூரணி நினைவுக்கு வந்தது. வேம்பிலும் இலுப்பையிலும் கட்டிய பாய்க்கப்பல். வல்வெட்டித்துறைக் கப்பல்கள் ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றி வந்த நாட்களைச் சேர்ந்தது. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, மனைவியின் பெயரைச் சூட்டினார். ஈழத்து மாலுமிகள் ஓட்டிச்சென்ற அந்தக் கப்பல் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்ற பெயரோடு 1938 ஆகஸ்டில் அட்லாண்டிக்கைக் கடந்து குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. நாம் அதை இன்றும் அன்னபூரணி என்றே சொல்கிறோம். ஒரு பலகை மாறாவிட்டாலும் பெயர் மாறியது நமக்கு வலிக்கிறது. அப்படியானால் நாம் காப்பாற்ற நினைப்பது மரத்தையா, உரிமையையா? எனக்கு இன்னும் தெளிவில்லை. பெரியப்பாவின் படகிலும் பின்பலகையில் யாரோ செதுக்கிய ஆங்கில எழுத்துகள் நான்கு மிச்சமிருந்தன. அவற்றை இழைக்கவும் இல்லை, முழுமையாக்கவும் இல்லை. புதுப் பலகைகளுக்கு வண்ணமும் அடிக்கவில்லை. எண்ணெய் மட்டும் பூசினார். எது பழசு, எது இடித்த வீட்டிலிருந்து வந்தது என்று பார்த்தாலே தெரியும். அசிங்கமாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

கடைசி மூன்று நாட்கள் கலப்பத்து அடித்தோம்: பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்துப் பூசுவது. இடுக்கை முழுக்க இறுக்கிவிடக் கூடாது என்றார். மரம் தண்ணீரில் ஊறி உப்பும்போது அதற்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் வங்கு உடையும். முதல் நாள் மிதக்கவிட்டால் எந்தப் பழைய படகும் ஒழுகத்தான் செய்யும். ஊறிய பிறகுதான் பலகைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

ஒருமுறை ஏரியில் விட்டார், 2019 நவம்பரில். பக்கத்து வீட்டுப் பர்மியப் பையன் பாய் பிடித்தான். அனுப்பிய காணொளியில் இருவரும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா அதைப் பலமுறை பார்த்தார். கூரையைப் பற்றி மறுபடியும் கேட்கவில்லை, ஆனால் பணம் அனுப்பினார்.

பிறகு கொரோனா, பிறகு 2021 பிப்ரவரி. அந்த ஏப்ரலில் இணைப்புக் கிடைத்த ஒரு நாளில், வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, கூச்சத்தோடு படகைப் பற்றியும் கேட்டேன். ஏரிக்குப் போக வழியில்லை, வெயிலில் பலகை பிளந்துவிடும், அதனால் தினமும் காலையில் உள்ளே ஈரச்சாக்கு விரிக்கிறேன் என்றார். பக்கத்து வீட்டுப் பையன் எங்கே போனான் என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.