துணிக்கு முன் உடல்

(தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரம். சூரியகாந்தி வயலோரத்து வீட்டுத் திண்ணையில் ஓவிய குருவும் அவர் மாணவியும்.)

மாணவி: ஐயா, களை எடுக்கும் பெண்ணை வரையச் சொன்னீர்கள். சேலை மடிப்பு ஒன்றையும் விடவில்லை. ஆனாலும் உருவம் நிற்கவில்லை என்கிறீர்கள்.

குரு: அவள் பாரம் எந்தக் காலில் இருக்கிறது?

மாணவி: சேலை மறைத்துவிட்டதே.

குரு: கண்ணுக்கு மறையலாம், கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பு எப்பக்கம் சாய்ந்தது, முழங்கால் எங்கே மடங்கியது என்று அறிந்தால்தான் மடிப்பு எங்கிருந்து புறப்படுகிறது என்பது விளங்கும். முதலில் எலும்பு, அதன்மேல் தசை, பிறகு உடை என்று இத்தாலியில் ஆல்பெர்ட்டி 1435-லேயே எழுதினார். 18ஆம் நூற்றாண்டின் நவசெவ்வியல் ஓவியர்கள் அதை அன்றாடப் பயிற்சியாகவே கொண்டார்கள்.

மாணவி: கடைசியில் உடையால் மூடத்தானே போகிறார்கள்? பிறகு எதற்கு அந்த உழைப்பு?

குரு: மூடப்படாமலே நின்றுபோன ஓவியம் ஒன்று இருக்கிறது. 1789 ஜூன் 20 அன்று பிரெஞ்சுப் பிரதிநிதிகள் ஒரு டென்னிஸ் அரங்கில் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். அதை நவசெவ்வியல் ஓவியர் ழாக் லூயி தாவீத் வரையத் தொடங்கினார். 1791-ல் அவர் காட்சிக்கு வைத்த கோட்டோவியத்தில் எல்லோரும் உடையோடு நிற்கிறார்கள். பெரிய திரையிலோ உடல்கள் ஆடையின்றி வரையப்பட்டிருக்கின்றன. சில முகங்களுக்கு மட்டும் வண்ணம் ஏறியிருக்கிறது. அரசியல் புரண்டது, நேற்றைய நாயகர்கள் துரோகிகள் ஆனார்கள், வேலை நின்றது. உயர்த்திய கைக்குத் தோள் எப்படி ஈடுகொடுக்கிறது என்று அவர் தேடியதை இன்றும் வெர்சாயில் பார்க்கலாம்.

மாணவி: அப்படியானால் நவசெவ்வியல் ஓவியர்கள் கண்டதை அப்படியே வரைந்தவர்களா?

குரு: முழுக்க அப்படியில்லை. கிரேக்கச் சிலைகளைப் பின்பற்றுங்கள் என்று கலை வரலாற்றாளர் விங்கெல்மான் 1755-ல் எழுதினார். எதிரே நின்ற மனிதனைப் பார்த்தார்கள், மனத்திலிருந்த சிலையைக் கொண்டு திருத்தினார்கள். சிலை வார்க்கும் நம் சுவாமிமலை ஸ்தபதியோ தாளமானம் என்னும் சிற்பநூல் அளவிலிருந்து தொடங்குகிறார். ஆனால் அவரும் மெழுகில் உடலை உருவாக்கிய பிறகே அதன்மேல் நகை அணிவிக்கிறார். கண்ணிலிருந்து வந்தாலும் கணக்கிலிருந்து வந்தாலும் உடலே முதல்.

மாணவி: அந்த உடலைப் பார்த்துப் படிக்க எல்லோருக்கும் உரிமை இருந்ததா?

குரு: இல்லை அம்மா. 1768-ல் லண்டன் ராயல் அகாடமியை நிறுவியவர்களில் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரு பெண்கள் உண்டு. அகாடமியினர் மாடலைச் சுற்றிக் கூடியிருப்பதை யோஹான் ஸோஃபனி வரைந்தார். ஆடையற்ற மாடலைப் பார்த்து வரையப் பெண்களுக்கு அனுமதி இல்லாததால், அதில் அந்த இருவரும் சுவரில் தொங்கும் படங்களாக மட்டுமே இருக்கிறார்கள். உடலைப் படிக்கவிடாதது, பெரிய ஓவியம் வரையவே விடாததற்குச் சமம். அது அநீதி.

மாணவி: இந்த ஊரில் என் நிலையும் அதுதானே?

குரு: வாசல் அடைபடவில்லை. தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் மண்டபத்து வீரபத்திரர் முன் உட்கார். ஊன்றிய பாதத்திலிருந்து இடுப்புவரை பாரம் ஏறும் வழியைக் கோட்டால் தொடர்ந்து போ. உன் கணுக்காலையும் மணிக்கட்டையும் வரை. சென்னைக்குப் போனால் மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைச் சுற்றி வா. 1959-லிருந்து நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள், அவர்கள் முதுகைப் படி. கல்லூரியில் மாடல் முன் உட்காரும் நாள் வந்தால் ஒன்றை மறக்காதே. அவர் சம்மதத்தோடும் கூலியோடும் நிற்க வேண்டும், உன் பார்வையில் மரியாதை இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் படிப்பும் இல்லை.

மாணவி: இத்தனையும் கற்ற பிறகு?

குரு: களை எடுப்பவளைச் சேலையோடு மறுபடி வரை. பார்ப்பவர் சேலையைத்தான் காண்பார், ஆனால் அவள் முதுகு நோவதை உணர்வார். நீ கற்ற உடற்கூறு அதற்குத்தான். உழைப்பவரின் உடலை அறியாமல் அவர் உடுப்பை மட்டும் அழகாகத் தீட்டுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.